மாட்டி வைக்க ஒரு படம்

ஊரிலுள்ள பத்திரிகைப் போட்டோக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவள் அக்கா. சொந்த அக்கா என்று பார்த்தால் ஒருத்தனுக்குத்தான். மற்றவர்களெல்லாம் ஓசி டீயும் ஓசி பிலிமும் கிடைக்கிற இடத்தில் உறவு கொண்டாடிக்கொண்டவர்கள். அவளும் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போவாள்.

கடைத்தெரு திரும்புகிற முனையில் அவளுடைய ஸ்டூடியோ. முன்னால் ஒரு மேஜை, ஒரு கண்ணாடி, யாரும் தூக்கிக்கொண்டு போய்விடாதபடி நூலில் கட்டிய ஒரு சீப்பு. நடுவில் படம் எடுக்கிற அறை. கடைசியில் இருட்டறை, அதை ஒட்டிச் சந்துக்குப் போகிற பின்வாசல். படம் எடுக்கிற அறையில் இரண்டு திரைகள் தொங்கும். அடையாள அட்டைக்கு வெள்ளை, மற்ற எல்லாவற்றுக்கும் கருப்பு. கேமரா நிற்கிற ஸ்டாண்டின் கழுத்துத் திருகு தேய்ந்துபோனதால் கேமராவை நிமிர்த்தி வைக்க முடியாது, படுக்கைவாட்டில்தான் உட்காரும். அதனால் யார் வந்தாலும் அகலமாகவே எடுப்பாள். நடுவில் முகம், இரண்டு பக்கமும் வெறும் திரை. பிரிண்ட் போடும்போது பக்கங்களை வெட்டிவிடுவாள். "ஒரு திருகு மாத்தக் கூடாதாக்கா?" என்று தம்பி கேட்டால், "நீ ஒழுங்கா நேரத்துக்கு வந்து சாப்பிடு, நான் திருகை மாத்துறேன்" என்பாள். இரண்டும் நடக்கவில்லை.

தம்பிக்குத் தொழிலில் பெயர் ஏணி. ஆள் குட்டை. ஊர்வலம், கூட்டம் என்று போனால் முன்னால் நிற்கிறவன் முதுகுதான் தெரியும். அதற்காக அக்காவின் கடையில் பல்பு மாட்ட வைத்திருந்த சின்ன மடக்கு ஏணியை ஒருநாள் இரவல் வாங்கிப்போனவன், திருப்பிக் கொடுக்கவே இல்லை. எந்தக் கலவரத்திலும் எல்லாத் தலைகளுக்கும் மேலே ஒரு தலை தெரிந்தால் அது அவன்தான்.

"எல்லாரும் கீழ நிக்கும்போது உனக்கு மட்டும் என்னடா மேல வேலை? கல்லெறியறவனுக்கும் நீதான் தெரிவ, லத்தி வச்சிருக்கவனுக்கும் நீதான் தெரிவ."

"எனக்கும் தெரியணும்ல அக்கா."

அவனுக்குக் கேமராவைத் தொடக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கண்ணைக் கட்டிவிட்டுப் பிலிம் மாட்டச் சொல்வாள். பிலிம் நாக்கைச் சொருகு, நெம்பை ரெண்டு தட்டு தட்டிப் பிலிமை நகர்த்து, மூடு. இன்றைக்கும் இரண்டு பேர் கையும் ஒரே மாதிரிதான் போகும். அதை இங்கே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதுப் பிலிம் டப்பிக்கு வெளியே கொஞ்சம் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். எடுத்து முடித்துச் சுற்றினால் நாக்கு உள்ளே போய்விடும். இது போலீசுக்குத் தெரிந்துபோயிற்று. பையைக் கவிழ்த்து, நாக்கு இல்லாத டப்பிகளை மட்டும் பொறுக்கிப் பிடுங்கிக்கொள்ள ஆரம்பித்தார்கள். போட்டோக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சுற்றும்போது கடைசி இழுப்புக்கு முன்னால் கையை நிறுத்தி, நாக்கை வெளியிலேயே விட்டுவிடப் பழகிக்கொண்டார்கள். பார்த்தால் பச்சைப்பிள்ளை போலப் புது ரோல். எடுத்தது என்று தங்களுக்குத் தெரிய, நாக்கின் நுனியைப் பல்லால் ஒரு கடி கடித்து வைப்பார்கள். போலீஸ்காரர்கள் அந்தப் பல் தடத்தை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்கக் கோர்ட்டு வாசல் சாலையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். விசாரணை என்று கூட்டிப்போன மகன்களும் கணவன்மாரும் எங்கே இருக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. எங்கே என்று சொல்லுங்கள், அவ்வளவுதான் அவர்கள் கேட்டது. ஆளுக்கொரு படத்தை மடியில் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் படங்கள் அக்கா பெரிதாக்கிக் கொடுத்தவை. அடையாள அட்டையிலிருந்த நகம் அளவு முகத்தை முகத்தளவுக்குக் கொண்டுவருவது லேசுப்பட்ட வேலையில்லை. கண் கலங்கித் தெரிந்தால் திரும்பப் போடுவாள். தாய்க்காரி பார்க்கிற படத்தில் பிள்ளையின் கண் தெளிவாக இருக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம்.

துப்பாக்கிச் சூடு நடந்த மதியம் அவள் இருட்டறையில் அப்படி ஒரு படத்தைத்தான் மருந்துத் தொட்டியில் ஆட்டிக்கொண்டிருந்தாள். தூரத்தில் கடைக் கதவுகளை வரிசையாக இழுத்து அறைகிற மாதிரிச் சத்தம். கொஞ்ச நேரத்தில் பின்வாசலில் யாரோ ஓடிவரும் சத்தம்.

"அக்கா!"

"உள்ள வராதே! பேப்பர் தொட்டியில இருக்கு, வெளிச்சம் பட்டா போச்சு!"

மறுபடி அவன் கூப்பிடவில்லை. அவள் படத்தை முடித்துக்கொண்டு வெளியே வந்தபோது முன்வாசல் திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது. மேஜைமேல் புது ரோல்கள் கிடக்கும் தகர டப்பா திறந்திருந்தது. வழக்கம்போல பிலிம் திருடிக்கொண்டு போயிருக்கிறான் என்று நினைத்து மூடி வைத்தாள்.

சாயங்கால ரேடியோ சொன்னது: கூட்டம் கல்லெறிந்தது, காவலர்கள் வானத்தை நோக்கிச் சுட்டார்கள், நெரிசலில் சிலர் இறந்தார்கள், எந்த அதிகாரியும் யாரையும் குறிவைக்கவில்லை. தம்பி வீட்டுக்கு வரவில்லை. இப்படிப்பட்ட நாட்களில் அவன் வராதது புதிதில்லை, எங்காவது பதுங்கியிருந்துவிட்டு வருவான். ஆனாலும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் கடையைத் திறந்தாள். திறக்காமல் விட்டால் ஏதோ ஆகிவிட்டது என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கும். டப்பாவிலிருந்து ஒரு ரோலை எடுத்து மாட்டினாள். நாக்கைச் சொருகினாள், ரெண்டு தட்டு, மூடினாள். நாக்கின் நுனி லேசாக வளைந்திருந்ததை விரல் கவனித்தது. மனசு தம்பி நினைவில் இருந்ததால் விரல் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

அடையாள அட்டைக்கென்று சிலர் வந்தார்கள். வெள்ளைத் திரை, ஆளுக்கு இரண்டு படம், கண் சிமிட்டியிருந்தால் மற்றது உதவும். அப்புறம் வந்தார் குமாஸ்தா. வரி ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வெயில் கொளுத்துகிற நாளில் கருப்புக் கோட்டும் வெள்ளைக் காலருமாக வந்து நின்றார்.

"அட்டைக்கா சார்?"

"இல்லம்மா. மாட்டி வைக்க. நான் போனப்புறம் பொண்ணு ஏதாவது கல்யாண வீட்டுல வாயைத் தொறந்துக்கிட்டு நிக்கிற படத்தை எடுத்து மாட்டிடுவா. நாமளே ஒண்ணு எடுத்து வச்சிட்டா கவலை இல்ல பாருங்க. ஆணிகூட அடிச்சாச்சு."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு கருப்புத் திரையை இழுத்துவிட்டாள். அவர் காலரைச் சரிசெய்துகொண்டே தெருப்பக்கம் பார்த்து முணுமுணுத்தார்.

"ரோட்டுல உக்காந்து கத்தினா காரியம் நடக்குமா? மனுன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? முறையா எழுதிக் கொடுத்தா முறையா பதில் வரும்."

"அவங்க எழுதாத மனுவா சார்? கொஞ்சம் முகத்தை நிமிர்த்துங்க."

முதல் படத்துக்குக் கண்ணை மூடிவிட்டார். "இன்னொண்ணு எடுத்துடறேன். என்னையே பாருங்க" என்று மறுபடி எடுத்தாள். அவர் ரசீது வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அவர் படி இறங்கவும் மொட்டை ஏறவும் சரியாக இருந்தது. மொட்டை என்பது தம்பிக்குப் போட்டியான பத்திரிகையின் போட்டோக்காரன். ஒரே படத்துக்காகத் தம்பியும் அவனும் முழங்கையால் இடித்துக்கொள்ளாத ஊர்வலம் கிடையாது. இப்போது அந்த முழங்கை கட்டுப்போட்டுக் கழுத்திலிருந்து தொங்கியது.

"அக்கா, பயப்படாதீங்க. உயிரோட இருக்கான்."

பயப்படாதீர்கள் என்று ஆரம்பித்தால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். மொட்டை நின்றபடியே சொன்னான். கோர்ட்டு வாசலில் அத்தனை கேமராக்களையும் பிடுங்கி உடைத்தார்கள். தம்பி மட்டும் நழுவி இந்தச் சந்து வழியாக ஓடிவந்தான். அக்கா கடையில் வைத்துப் பிடிபட்டால் அக்காவையும் சேர்த்து இழுப்பார்கள் என்று முன்வாசலால் வெளியேறி, தெருமுனையில் மாட்டிக்கொண்டான். ஏணி அவன் முதுகிலேயே உடைந்தது. வண்டியில் இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் போட்டிருக்கிறார்கள். கையில் பிலிமும் இல்லை, ஏணியும் இல்லை என்பதால் மொட்டையை அடித்து விட்டுவிட்டார்கள்.

"அவன்மேல என்ன கேசு தெரியுமா அக்கா? ஏணிமேல ஏறி நின்னு கூட்டத்தைக் கல்லெறியச் சொல்லி ஏவிவிட்டானாம். உடைஞ்ச ஏணியைக் கட்டுப்போட்டு சாட்சியா வச்சிருக்காங்க. கல்லே எறியல யாரும். அந்த அதிகாரி, முன்னால உக்காந்திருந்த அம்மாவுக்கு நேரா துப்பாக்கியை நீட்டினான். நாங்கள்லாம் கீழ கிடந்தோம். அவன் ஒருத்தன்தான் மேல நின்னு எடுத்தான். எடுத்தேன்னு வண்டியில என் காதுல சொன்னான்."

"ரோல் எங்கடா?"

"உங்க டப்பாவுலதான் போட்டானாம். நாக்கு நீட்டிக்கிட்டிருக்கு, கடிக்க நேரமில்லைன்னு சொன்னான்."

அக்கா தகர டப்பாவைப் பார்க்கவில்லை. ஸ்டாண்டின்மேல் இருந்த கேமராவைப் பார்த்தாள். காலையில் விரல் சொன்னது இப்போது காதில் விழுந்தது. ஒரு தடவை கேமராவுக்குள் போய் வந்த நாக்குத்தான் அப்படி வளைந்திருக்கும்.

"பாவி, நான் அதும்மேலயே எடுத்துட்டேன்டா" என்றாள்.

இருட்டறையில் மொட்டையைக் கூட விடவில்லை. பிலிமை உருளையில் ஏற்றிக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தாள். தம்பி அந்த ரோலைச் சூடு தொடங்கும்போது புதிதாக மாட்டியிருந்தால் சூடு முழுக்க ஆரம்பப் படங்களில்தான் இருக்கும். அவள் காலையில் எடுத்ததும் ஆரம்பப் படங்களின்மேல்தான். அவள் கற்றுக்கொடுத்த அதே கைப்பழக்கம், அதே இரண்டு தட்டு. ஒன்று மேல் ஒன்று அச்சாக உட்கார்ந்திருக்கும். நன்றாகக் கற்றுக்கொடுத்தேன் போ என்று தன்னையே நொந்துகொண்டாள்.

கழுவிய சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது மொட்டையும் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். பிற்பகுதிப் படங்கள் சுத்தமாக இருந்தன. ஓட்டம், லத்தி, தூக்கிப்போகப்படுகிறவர்கள். சுட்டதற்குப் பிறகு நடந்தது எல்லாம் இருந்தது. சுட்டது யார் என்பது இல்லை. முன்பகுதியில் அடையாள அட்டைக்காரர்கள் வெள்ளைத் திரையோடு உட்கார்ந்து கீழே இருந்த எல்லாவற்றையும் தின்றுவிட்டிருந்தார்கள். பிலிமில் வெளிச்சம்தான் எழுதும். வெள்ளைத் திரை முழுக்க முழுக்க எழுதிவிட்டது.

"போச்சா?" என்றான் மொட்டை.

"இரு."

கருப்பு எதையும் எழுதாது. கருப்புத் திரை, கருப்புக் கோட்டு. குமாஸ்தா கண் மூடிய முதல் படத்தின் அடியில் ஓடுகிறவர்களின் முதுகுகள்தான் தெரிந்தன. அவள் ஓடிப்போய் இரண்டாவது படத்தை மட்டும் பெரிதாக்கிப் பேப்பரில் போட்டாள். சிவப்பு விளக்கின் கீழே, மருந்துக்குள் படம் மெதுவாக மேலே வந்தது. முதலில் குமாஸ்தாவின் முகம். விறைப்பாக, கண்ணைத் திறந்து, நேராகப் பார்த்துக்கொண்டு. அவர் முகத்துக்கு வலப்பக்கம், வெறும் திரை இருக்க வேண்டிய இடத்தில், அதிகாரி. தொப்பி, மூக்கு, மீசை, நீட்டிய கை, கையில் துப்பாக்கி. குழாயின் நுனி கீழ்நோக்கி இருந்தது. அது காட்டிய இடத்தில் குமாஸ்தாவின் கருப்புக் கோட்டுக்குள் அந்த அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் மகன் படம். கல் இல்லை, கம்பு இல்லை, படத்தைப் பிடித்த இரண்டு கை மட்டும்.

எல்லாம் மேலேயிருந்து எடுத்தது. ஏணி உயரத்திலிருந்து. கூட்டத்தை ஏவிவிடுகிறவன் எவன் இப்படிக் குவியம் பார்த்து, அதிகாரியின் கண்ணிமை தெரிய எடுப்பான்? சுற்றிலும் எல்லோரும் விழுந்து ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கை மயிரிழை ஆடவில்லை.

"படவா, என்னமா எடுத்திருக்கான்டா!" என்றாள் அக்கா. சொல்லும்போதே அழுதாள். பெருமையில் வந்த அழுகை, அதை அவளே மறைக்கவில்லை. மொட்டையும் ஒப்புக்கொண்டான். போட்டிக்காரன் வாயால் வந்த பாராட்டு என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

"எங்க பத்திரிகைக்கும் கொடுங்க அக்கா. எல்லாப் பத்திரிகைக்கும் போகட்டும். ஒண்ணு போட்டா அதை மூடுவாங்க, எல்லாம் போட்டா எதை மூடுவாங்க? வெளிய வந்துட்டா அவனையும் உள்ள வச்சு ஒண்ணும் செய்ய முடியாது. இந்தப் பெரியவர் முகத்தை மட்டும் வெட்டிடலாம்."

"வெட்டினா கோட்டும் போயிடும். கோட்டு போனா அந்த அம்மா போயிடும். அப்புறம் அதிகாரி சும்மா தரையைப் பார்த்துத் துப்பாக்கி நீட்டினதா ஆகும்."

"முகத்துமேல மை பூசிட்டா?"

"ஒரு இடத்துல மை பூசினா படம் மொத்தமும் மைதான்னு சொல்லுவான். தொடக் கூடாது."

"அப்ப அப்படியே போடுவோம். அவருக்கா தெரியப்போகுது? தெரிஞ்சப்புறம் பாத்துக்கலாம்."

அக்கா திரும்பி அவனைப் பார்த்த பார்வையில் மொட்டை ஓரடி பின்னால் போனான்.

"மாட்டி வைக்கறதுக்குன்னு முகத்தைக் கொடுத்துட்டுப் போனவருடா அவர். என்னை நம்பி உக்காந்தாரு. கேக்காம எடுத்து ஊர் முன்னால காட்டினா, நாளைக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டுவான். கடை வாசல் கண்ணாடியில ஒரு குழந்தை படம் வைக்கறதுன்னாகூட அவங்க அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் வைப்பேன் நான். மனுஷங்களைக் கேக்காம தூக்கிட்டுப் போற வேலையை அவனுங்க செய்யறானுங்க. நாமளும் செய்யணுமா?"

"உங்க தம்பி உள்ள இருக்கான் அக்கா."

"எனக்குத் தெரியாதாடா?"

ஈரம் காய்ந்தும் காயாத பிரிண்டை அட்டைக்கு நடுவில் வைத்துப் பையில் போட்டுக்கொண்டு அக்கா கிளம்பினாள். ரசீதுப் புத்தகத்து நகலில் விலாசம் இருந்தது.

குமாஸ்தா வீட்டுக் கூடம் ஆபீஸ் மாதிரியே இருந்தது. செருப்பு வைக்கிற இடம், குடை வைக்கிற இடம், எல்லாவற்றுக்கும் ஒரு ஒழுங்கு. சுவரில் அவர் மனைவியின் படம். பக்கத்தில், அதே உயரத்தில், ஒரு ஆணி. வெறும் ஆணி.

"அதுக்குள்ள பிரிண்ட் போட்டாச்சா? நாளைக்குன்னுதானே ரசீதுல போட்டிருக்கு" என்றார், சந்தேகத்தோடு.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். ரோல் எப்படி வந்தது, தான் எப்படி மாட்டினாள், தம்பி எங்கே இருக்கிறான். படத்தை மேஜைமேல் வைத்தாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். முதலில் தன் முகத்தைத்தான் பார்த்தார், யாராக இருந்தாலும் அப்படித்தான். "காலர் கொஞ்சம் கோணலா இருக்கே" என்றார். அப்புறம் பார்வை வலப்பக்கம் போயிற்று. அங்கிருந்து துப்பாக்கியின் வழியே இறங்கித் தன் கோட்டுக்குள் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"ரேடியோவுல இப்படிச் சொல்லலையே" என்றார். குரல் சிறுத்துப் போயிருந்தது.

"சொல்லல சார்."

"குறிவைக்கலைன்னு எழுத்துமூலமா அறிக்கை கொடுத்திருக்காங்களே. முத்திரையோட."

அவர் கோட்டுக்குள் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவை விரலால் தொடப்போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார்.

"இந்த அம்மாவைக் காலையிலதானே நான்... ரோட்டுல உக்காந்தா காரியம் நடக்குமான்னு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"சார், இது வெளிய வந்தா உங்களுக்குத் தொந்தரவு வரும். ஓய்வூதியத்துல கை வைக்கலாம். உங்க பொண்ணு வேலையில கை வைக்கலாம். வேணாம்னு சொல்லிட்டீங்கன்னா இது வெளிய வராது. என் தம்பி உள்ள இருக்கான். இருந்தாலும் வராது. முகம் உங்களுது."

சொல்லிவிட்டாள். இவர் வேண்டாமென்று தலையாட்டினால் தம்பியின் கதி? அவர் எழுந்து உள்ளறைக்குப் போனார். மகளோடு தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது, வார்த்தை புரியவில்லை. நடுவில் மகள் "அப்பா!" என்று ஒரு தடவை உரக்கச் சொன்னாள். அது எந்த அர்த்தத்தில் என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வந்தவர் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"பயமாத்தான் இருக்கும்மா. இல்லைன்னு சொன்னா பொய். சர்வீஸ் முழுக்க, மேல இருந்து வந்த காகிதத்துக்குக் கீழ கையெழுத்துப் போட்டே பழகினவன் நான். ஒண்ணையும் ஏன்னு கேட்டதில்ல." மூச்சு வாங்கிக்கொண்டார். "போடுங்க. ஆனா ஒண்ணு. யாரோ ஒரு ஆள்னு போடக் கூடாது. என் பேரைப் போடணும். இனிஷியலை விட்டுடாதீங்க, உத்தியோகத்தையும் சேர்த்துப் போடுங்க. அப்பதான் ஒட்டுவேலைன்னு சொல்ல முடியாது. ஆள் இருக்கேன்ல, வந்து பாத்துக்கட்டும்."

அக்கா எழுந்து கும்பிட்டாள். அவர் சங்கடப்பட்டுக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

மறுநாள் காலை ஊரில் ஒரு பத்திரிகை பாக்கியில்லை. ஒன்றையொன்று கரித்துக்கொட்டுகிற பத்திரிகைகளெல்லாம் முதல் பக்கத்தில் ஒரே படத்தோடு கடையில் தொங்கின. கீழே குமாஸ்தாவின் பெயர், இனிஷியலோடு. அதற்கும் கீழே, படம் எடுத்தவர்கள் என்று இரண்டு பெயர்: தம்பி பெயர், அக்கா பெயர். அவள் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. வெட்டி எடுத்து யாருக்கும் காட்டாமல் மேஜை இழுப்பறையில் வைத்தாள். யாருக்கும் காட்டவில்லை என்பதைக் கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

ஒட்டுவேலை என்றுதான் அரசாங்கம் அறிக்கை விட்டது. அன்றைக்கே குமாஸ்தா அதே கோட்டைப் போட்டுக்கொண்டு கோர்ட்டு வாசலில் போய் நின்றார். அக்கா முழுச் சுருளையும் வெட்டாமல் எடுத்துக்கொண்டு போனாள். முன்னும் பின்னும் உள்ள படங்களோடு ஒரே பிலிமாக இருப்பதை நீதிபதியே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெளியே படிக்கட்டில் மொட்டையும் மற்றவர்களும் வரிசையாக நின்றார்கள். கட்டுப்போட்ட கை, வீங்கிய கண், இரவல் கேமரா. போலீஸ் விரட்டியும் ஒருத்தனும் நகரவில்லை. அந்த வரிசையைப் பார்த்தபோது, இத்தனை வருடம் இவர்களுக்குப் போட்ட ஓசி டீ ஒன்றுகூட வீணாகவில்லை என்று அக்காவுக்குத் தோன்றியது.

தம்பி வெளியே வரக் கொஞ்ச காலம் ஆயிற்று. அதிகாரியின் வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது, அதைப் பற்றி நான் வேறொன்றும் சொல்வதற்கில்லை. குமாஸ்தாவின் ஓய்வூதியத்தை நிறுத்திப் பார்த்தார்கள். எந்த விதிப்படி என்று கேட்டு அவர் எழுதிய மனுக்களைப் படித்தே ஆபீஸ்காரர்கள் களைத்துப்போய்த் திரும்பக் கொடுத்தார்கள். மனுவில் அவருக்கு இருந்த நம்பிக்கை முழுக்க வீணில்லை போலிருக்கிறது.

வெளியே வந்தவன் நொண்டிக்கொண்டே ஸ்டூடியோவுக்கு வந்தான். சுவரிலிருந்த படத்தை ரொம்ப நேரம் பார்த்தான்.

"என் படத்துல பாதி இடத்தை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்காரே, யாருக்கா இவரு?"

"உன் படமா? நல்லாப் பாருடா. லைட்டிங் என்னோடது."

சிரித்தான். முன்பற்களில் ஒன்று இல்லை. அக்கா அதைப் பார்த்தும் பார்க்காதவள்போல ஸ்டாண்டின் கழுத்தைத் துடைத்தாள். திருகை அவள் மாற்றவில்லை, இனி மாற்றவும் போவதில்லை.

அன்றைக்கே அவனைக் குமாஸ்தா வீட்டுக்குக் கூட்டிப்போனாள். செருப்பைச் செருப்பு வைக்கிற இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார்கள். மனைவியின் படத்துக்குப் பக்கத்தில், அந்த ஆணியில், அது தொங்கியது. சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு. அவர் முகம், அதிகாரி, துப்பாக்கி, கோட்டுக்குள் அந்த அம்மா, எதையும் வெட்டாமல் முழுசாக.

"நீங்க இருக்கும்போதே மாட்டிட்டீங்களே சார்" என்றாள் அக்கா.

"பொண்ணுதான் மாட்டினா. இதைவிட நல்லதா ஒண்ணு கிடைக்காதுப்பான்னா."

தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். குமாஸ்தா அவனை ஏற இறங்கப் பார்த்தார். இவ்வளவு குட்டையாக இருப்பான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலும். பிறகு படத்தின் பக்கம் திரும்பினார்.

"முதல் படத்துல நான் கண்ணை மூடிட்டேன் தம்பி" என்றார். "நல்ல வேளை, உங்க அக்கா இன்னொண்ணு எடுத்தாங்க."